ஆறாவது வருஷம்

பல்கலைக்கழக மானியக் குழு தரும் ஆய்வு உதவித்தொகைக்கு ஆயுள் ஐந்தாண்டு. முதல் இரண்டாண்டு ஜே.ஆர்.எஃப். என்ற பெயரில் மாதம் 37,000 ரூபாய், பிந்திய மூன்றாண்டு எஸ்.ஆர்.எஃப். என்ற பெயரில் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். ஐந்தாண்டு முடிந்ததும் பணம் நின்றுவிடும். அதற்கு முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால், கொடுத்த அன்றோடு நின்றுவிடும்.

அதே குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளோ ஆய்வை முடிக்க ஆறாண்டு தருகின்றன. மறுபதிவு செய்தால் எட்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு சேர்த்துப் பத்து.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு வருஷம் இருக்கிறதே, அதில்தான் ஏராளமான ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. முதல் வருஷம் பாடத்தாள்களில் போய்விடும். அடுத்த இரண்டு வருஷம் தரவு திரட்டுவதிலும் தலைப்பைத் திருத்துவதிலும் கழியும். அதற்கப்புறம் துறைக் கருத்தரங்குக்குப் பதாகை கட்டுவது, தரமதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்குக் கோப்பு அடுக்குவது, விடைத்தாள் கட்டு சுமப்பது என்று ஆய்வாளருக்கு வேலை தேடி வரும். உட்கார்ந்து எழுதலாம் என்று நிமிரும்போது வங்கிக் கணக்கில் கடைசித் தவணை ஏறியிருக்கும். அதுவும் நான்கைந்து மாத நிலுவையோடு சேர்ந்து.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் சிறுபான்மை. ஆதிதிராவிடர், பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு முதல் வருஷமே ஆறாவது வருஷம்தான்.

கலைப்பிரிவு ஆய்வாளர்களை, குறிப்பாகத் தமிழ்த்துறை ஆய்வாளர்களை, வைத்தே இங்கே பேசுகிறேன். ஆய்வுக்கூடத்தில் எலியும் அமிலமும் வைத்திருப்பவர்களின் பாடு வேறு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கெடு நெருங்கிய தமிழ் ஆய்வாளரின் நாள் நூலகத்தில் தொடங்குவதில்லை. போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்தில் தொடங்குகிறது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமானபின் ஊருக்கு ஊர் பயிற்சி மையங்களுக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. காலை ஏழு மணி வகுப்பில் இலக்கணக் குறிப்பு, ஒன்பது மணி வகுப்பில் நூலும் நூலாசிரியரும். முழுநேர ஆய்வாளர் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே மையத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. மாதக் கடைசியில் உறையில் பணம் இருக்கும். மதியத்துக்குமேல் துறைக்கு வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘ஐயா இருக்காரா?’ என்று உதவியாளரிடம் கேட்பார். தமிழ்த்துறைகளில் நெறியாளர் சார் அல்ல, ஐயா. பெண்ணாக இருந்தால் அம்மா. ஐயா இருக்க மாட்டார். பாடத்திட்டக் குழு, பறக்கும் படை, வேறொரு பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. இருந்தாலும் வாசலில் இன்னும் மூன்று பேர் நிற்பார்கள். பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு நெறியாளராக இருக்கலாம், இணைப்பேராசிரியர் ஆறு பேருக்கு, உதவிப்பேராசிரியர் நான்கு பேருக்கு. எட்டு ஆய்வேட்டையும் ஒருவர் வரிவரியாகப் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு விதியில் பதில் இல்லை.

ஆய்வேட்டின் திருத்தப்படியைப் புரட்டிப் பார்த்தால் பதில் தெரியும். முதல் இயலின் முதல் ஐந்து பக்கத்தில் சிவப்பு மை பொழிந்திருக்கும். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், ‘இத்தொடர் தெளிவில்லை’. இருபதாம் பக்கத்தில் அங்கங்கே ஒரு கோடு. நாற்பதுக்கு மேல் டிக் அடையாளம் மட்டும். கடைசி இயலில் அதுவும் கிடையாது. கடைசிப் பக்கத்தின் மூலையில் மட்டும் ‘இயல் பிரிப்பை மாற்றலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி மூன்று மாதம்.

நெறியாளர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அரைப்புள்ளியைக்கூட விடாமல் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆய்வு செய்பவர்கள் அதனாலேயே ஏழாவது வருஷத்துக்குப் போகிறார்கள். நடுவில் நெறியாளர் ஓய்வுபெற்றுவிட்டால் இன்னொரு சிக்கல். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது என்று விதி தடுத்தாலும், ஆறாண்டு ஆய்வுக்கு மூன்றாண்டு எந்த மூலைக்கு? புது நெறியாளர் வருவார். அவருக்கு இந்தத் தலைப்பு பிடித்திருக்க வேண்டும், பழைய நெறியாளரையும் பிடித்திருக்க வேண்டும்.

எழுத்துருப் படலம்

எழுதி முடித்தாயிற்று என்று ஆய்வாளர் சொன்னால் நம்பக் கூடாது. தட்டச்சு முடிந்ததா என்று கேட்க வேண்டும்.

2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனால் டி.டி.பி. கடைகள் பழைய எழுத்துருக்களான பாமினியையும் வானவில்லையும் எளிதில் விடவில்லை. இருபது வருஷமாக அந்த விசைப்பலகையில் விரல் பழகிய அக்கா, கைப்பிரதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவருக்கு இணையான வேகம் எந்தப் பட்டதாரிக்கும் வராது. அச்சாகும் வரைக்கும் இதில் குறையொன்றும் தெரியாது. மென்படியாகக் கொடுக்க வேண்டும் என்றதும்தான் வினை தொடங்கும். பாமினியில் இருப்பது கணினிக்குத் தமிழே அல்ல. தமிழ் வடிவம் மாட்டிய ஆங்கில எழுத்துகள். ஒருங்குறி மாற்றியில் போட்டால் தமிழ் ஒழுங்காக மாறும். கூடவே ஆய்வேட்டில் இருக்கும் நிஜ ஆங்கிலமும் தமிழாக மாறிவிடும். துணைநூற்பட்டியலில் இருந்த கமில் சுவலபில்லும் ஜார்ஜ் ஹார்ட்டும் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக் குவியலாகிக் கிடப்பார்கள். அவர்களைத் தனித்தனியாக மீட்க இரண்டு இரவு போகும்.

அலைபேசியில் பேசியே தட்டச்சு செய்கிற புதுத் தலைமுறை இந்த வம்பிலிருந்து தப்பியிருக்கிறது. விடுதி மொட்டை மாடியில் நள்ளிரவில் ஒருவர் தனியாக நடந்துகொண்டே தலைவியின் ஆற்றாமையைப் பற்றிச் சத்தமாகப் பேசினால் பயப்பட வேண்டாம். மூன்றாம் இயல் நடக்கிறது. ஆனால் அந்தக் கருவிக்குப் புள்ளியும் தெரியாது, சங்கச் சொல்லும் தெரியாது. பசலையைப் பசளை ஆக்கினாலும் வியப்பில்லை. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் அதற்கு அக்கறையே கிடையாது. புறத்தேர்வாளர்களுக்கோ அக்கறை அதில்தான். கருதுகோளில் ஓட்டை இருந்தால் மன்னிப்பார்கள். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் பக்க எண்ணோடு குறித்து வைத்துக்கொண்டு வருவார்கள்.

கருதுகோள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வின் தொடக்கத்தில் எழுதப்படுவது அது என்றுதான் முன்னுரையில் இருக்கும். உண்மையில் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எழுதப்படுகிறது, முடிவுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்போதுதான் இரண்டும் பொருந்தும்.

அடுத்தது ஒப்புமைச் சோதனை. 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை போனால் ஓராண்டு மறுபடி சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ந்து பதினான்கு சொல் வரை தற்செயலாக ஒத்துப்போனால் கணக்கில் வராது. இந்தப் பதினான்கைக் கண்டதும் எனக்குத் தோன்றியது: குறளுக்கு ஏழே சீர், அது தாராளமாகத் தப்பிவிடும், அகநானூற்றுப் பாட்டு பதின்மூன்றடிக்குக் குறையாது, அது வசமாக மாட்டும்.

சான்று காட்டி மேற்கோளாகத் தந்ததை விலக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆனால் மென்பொருள் மேற்கோளை அடையாளம் காண்பது மேற்கோள் குறியை வைத்து. தமிழ் ஆய்வேட்டில் செய்யுளை உள்ளே தள்ளி, குறியில்லாமல் அடிப்பதுதான் நெடுநாள் வழக்கம். விளைவாக, சங்கப் பாடலை ஒழுங்காக எடுத்துக்காட்டியவரின் அறிக்கை சிவப்பாக வரும். உரையாசிரியர் கருத்தைச் சொந்த நடையில் சொந்தக் கருத்தாகவே எழுதியவருக்குப் பச்சையாக வரும். பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேடு என்றால் சில சமயம் பூஜ்யமே வரும், கருவிக்கு ஒரு சொல்லும் படிக்க முடியாததால். அந்தப் பூஜ்யத்தைக் கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. விவரம் தெரிந்த நூலகர் இருக்கும் இடத்தில் பாடல்களைக் கையால் விலக்கி மறுபடி ஓட்டித் தருவார். அப்படி ஒரு நூலகர் வாய்ப்பது ஆய்வாளரின் நல்லூழ்.

இதே வாரத்தில் இன்னொரு அபாயம். காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் நாடெங்கும் ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் முழுமையாகக் கிடைக்கின்றன. அமைப்பு பார்க்கலாம் என்று திறப்பவர், தன் தலைப்பிலேயே, ஒரு சொல்தான் வித்தியாசம், வேறொரு மாவட்டத்துக்காரர் எழுதிய ஆய்வேட்டைக் காண்பார். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் முன்னாய்வுகள் பகுதியில் ஒரு பத்தி புதிதாகச் சேரும்: அவர் அதை ஆராய்ந்தார், இவ்வாய்வு அதனின்றும் வேறுபடுகிறது.

பக்க எண்ணைத் தேடி

துணைநூற்பட்டியலைப் போல ஆளை அலைக்கழிப்பது வேறொன்றில்லை. மூன்றாவது வருஷம் ஏதோ ஒரு நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருப்பார். மேற்கோள் இருக்கும், பக்க எண் இருக்கும். எந்தப் பதிப்பு என்பது இருக்காது. குறுந்தொகையை எடுத்துக்கொண்டால் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பு 1915, உ.வே.சா. பதிப்பு 1937, அப்புறம் கழக வெளியீடு, மறுபதிப்புகள், மலிவுப் பதிப்புகள். ஒவ்வொன்றிலும் அதே பாடல் வேறு பக்கத்தில். பாடல் எண்ணைக் கொடுத்தால் போதாதா என்றால் போதாது. பக்கம் வேண்டும், ஆண்டு வேண்டும், எத்தனையாம் பதிப்பு என்பதும் வேண்டும்.

ஆகவே கடைசி மாதத்தில் ஒரு சென்னைப் பயணம் தவிர்க்க முடியாதது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் தனி ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை அடித்தளமாகக்கொண்டு 1994இல் தொடங்கியது. வேறெங்கும் கிடைக்காத குஜிலி நூலும் பழைய இதழும் அங்கே கிடைக்கும். அங்கிருந்து எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். அண்ணா நூலகத்தில் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்கத் தனிப் பிரிவு உண்டு. குளிர்சாதன வசதி உண்டு. நாள் முழுக்க இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. தென்மாவட்டக்காரர்களுக்கு 2023இலிருந்து மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஆனாலும் ஒரே ஒரு பக்க எண்ணுக்காக இரவுப் பேருந்து ஏறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதை வெட்டி வேலை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இந்த ஆறு வருஷத்தில் ஆய்வாளர் கற்றுக்கொண்ட நேர்மை இந்த இரவுப் பேருந்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

அலைய நேரமோ மனமோ இல்லாதவர்களுக்கு வேறு ஏற்பாடும் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச்சாரியில் மின்கம்பத்தில் ஒட்டிய சீட்டில் ‘ஆய்வேடு, கட்டுரை தயாரிக்க உதவி’ என்று ஓர் எண் இருக்கும். உதவி என்பது எது வரைக்கும் என்பதைத் தொகை தீர்மானிக்கும். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தம் அளவில் அதை வைத்திருக்கின்றன. கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தரும் இதழ்கள் அதனால் பிழைக்கின்றன. செலவினத் தொகை என்று கலைப்பிரிவு எஸ்.ஆர்.எஃப். ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 20,500 ரூபாய் உண்டு. தட்டச்சு, நகல், பயணம், கட்டமைப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதுவும் ஐந்தாண்டோடு சரி. அடிப்பதும் கட்டுவதும் ஆறாவது வருஷத்தில்.

‘இன்னும் வருஷம் இருக்கே’

பெண் ஆய்வாளருக்கு விதி கூடுதல் காலம் தருகிறது. 240 நாள் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பும் தருகிறது. நல்ல ஏற்பாடு; எழுதியவர்களை வாழ்த்தலாம். ஆனால் வீட்டில் அந்தக் கணக்கு வேறு மாதிரி பயன்படுகிறது. மூன்றாவது வருஷம் கல்யாணம். படிப்பை முடிக்கவிடுகிறோம் என்று பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருப்பார்கள். குழந்தை பிறக்கும். எழுத உட்காரும்போதெல்லாம் நாத்தனார் வளைகாப்பு வரும், மாமனாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை வரும். ‘பத்து வருஷம் வரைக்கும் டைம் இருக்குன்னியே, இப்ப என்னம்மா அவசரம்?’ என்று மாமியார் கேட்பதில் குரோதம் எதுவும் இருக்காது. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. ஆணுக்கு ஆறு வருஷம்தான் என்பது ஒரு வகையில் அவனுக்குச் சாதகமாகிவிடுகிறது: ‘அவனுக்குக் கடைசி தேதி வந்துருச்சு, தொந்தரவு பண்ணாதீங்க’ என்று வீடே குரல் தாழ்த்திப் பேசும்.

பெண்கள் எழுதுவது பெரும்பாலும் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்தரைக்குள், குழந்தை எழுவதற்கு முன். கடைசி மாதம் மட்டும் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். நன்றியுரையில் அம்மாவுக்குத் தனிப் பத்தி வருவதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் ஆய்வேடுகளில் நான் விரும்பிப் படிப்பது அந்த நன்றியுரையைத்தான். அதிலும் ஒரு வரிசை இருக்கிறது; பிசகக் கூடாது. துணைவேந்தர், பதிவாளர், கல்லூரி என்றால் தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், பிறகு நெறியாளர். நெறியாளருக்கு அடைமொழி எத்தனை என்பதில் அடுத்த அறை ஆய்வாளரோடு போட்டி. துறைத்தலைவருக்கும் நெறியாளருக்கும் ஆகாது என்றால் யாருக்கு எத்தனை வரி என்பதை இரவெல்லாம் யோசிக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தார், இணையர். ‘கேட்டபோதெல்லாம் கடன் தந்த’ நண்பர். கடைசி வரியில், செம்மையாகக் கணினி அச்சு செய்து தந்த டி.டி.பி. அக்காவும் நேர்த்தியாகக் கட்டமைத்த பைண்டிங் கடைக்காரரும். வேறெந்தத் துறை ஆய்வேட்டிலும் அச்சகத்துக்கு இவ்வளவு மரியாதை கண்டதில்லை. ஆய்வேட்டின் மற்றப் பக்கங்களில் ‘அறியமுடிகின்றது’, ‘புலனாகின்றது’ என்று முடிந்த தொடர்களெல்லாம் இங்கே வந்ததும் மனிதக் குரலில் பேசும். சோதனை மென்பொருளும் நன்றியுரையைத் தொடுவதில்லை. விதியே அதை விலக்கிவிட்டது.

பிறகு கையெழுத்து வேட்டை. நெறியாளர் சான்று, ஆய்வாளர் உறுதிமொழி, ஒப்புமை அறிக்கையில் நூலகர், கட்டணச் செலான், நோ டியூஸ். நோ டியூஸ் படிவத்தில் விடுதி, நூலகம், துறை, உடற்கல்வித் துறை என்று கட்டங்கள் இருக்கும். ஆறு வருஷத்தில் மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர் பந்து எதுவும் பாக்கியில்லை என்று உடற்கல்வி இயக்குநரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் போட்டிக்கு வெளியூர் போயிருப்பார். மெஸ் பாக்கி கட்டினால்தான் விடுதிக் காப்பாளர் கையெழுத்து. கேட்டபோதெல்லாம் கடன் தந்த நண்பர் மறுபடி தருவார்.

ஆய்வாளருக்கு எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. மற்றவர்களுக்கு? சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் முடிய வேண்டும் என்று விதிமுறை சொல்லத்தான் சொல்கிறது. வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள்; கூடுமானவரை ஒருவர் வெளிநாட்டவர். தமிழுக்கு வெளிநாடு என்றால் பெரும்பாலும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். தேர்வாளர் ஒப்புதல் தர வேண்டும், ஆய்வேடு போய்ச்சேர வேண்டும், அவர் படிக்க வேண்டும், அறிக்கை வர வேண்டும். எங்கே நின்றாலும் கேட்க ஆளில்லை. ஆறு மாதம் ஒரு நாள் தாண்டினால் தேர்வாளருக்கோ அலுவலகத்துக்கோ அபராதம் கிடையாது. ஆய்வாளர் ஒரு நாள் தாண்டினால் மறுபதிவு, கட்டணம், குழு ஒப்புதல்.

அந்த இடைக்காலத்தில் உதவித்தொகை இல்லை, விடுதி அறையும் இல்லை, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. பல்கலைக்கழக உதவிப்பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 ஜூலையில் அது கட்டாயமில்லை, நெட் அல்லது செட் போதும் என்று திருத்தினார்கள். 2024 மார்ச்சில் தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப்பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தபோது எத்தனையோ ஆறாவது வருஷத்துக்காரர்கள் அவசர அவசரமாக ஆய்வேட்டைக் கட்டி முடித்தார்கள். அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. மறுபடி பயிற்சி மையம், மறுபடி காலை ஏழு மணி இலக்கணக் குறிப்பு.

இதற்குப் பெரிய சீர்திருத்தம் வேண்டியதில்லை. காலம் ஆறாண்டு என்றால் பணமும் ஆறாண்டு வரலாம். ஆய்வேட்டைக் கொடுத்த அன்றே நிறுத்தாமல், விதி சொல்லும் அந்த ஆறு மாதத்துக்காவது பாதித் தொகை தரலாம். அப்படிச் செய்தால் நான்கரை வருஷத்தில் முடிக்கக்கூடியவர் ஐந்து வரை இழுத்தடிக்க மாட்டார்; இப்போது அவரை இழுக்கச் சொல்வதே கொடுத்த அன்றோடு பணத்தை நிறுத்தும் விதிதான். மதிப்பீடு தாமதமானால் செலவு பல்கலைக்கழகத்தின் தலையில் விழும் என்றால் அஞ்சலும் கொஞ்சம் வேகமாகப் போகும்.

இதைக் கேட்டு மனுப் போட வேண்டியவர்கள் ஆறாவது வருஷத்தில் இருப்பவர்கள். போட மாட்டார்கள். அவர்களுக்கு ஐயாவின் கையெழுத்து இன்னும் பாக்கி.